பல் பார்த்து வாங்கிய மூச்சு

முத்துத்தாய் நூற்றிருபது வரை எண்ணுவாள். அதற்கு மேல் எண்ணியதில்லை.

கிணற்றுப் படியில் கால்களை அகட்டி உட்கார்ந்து, கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வாய்விட்டு எண்ணுவாள். கயிற்றின் மறுமுனை தண்ணீருக்குள் அவள் புருசன் நல்லமுத்துவின் அரையில் இருக்கும். நூறு வரும்போது குரல் உயரும். நூற்றிப்பத்தில் எழுந்து நிற்பாள். நூற்றிருபதில் இழுத்துவிடுவாள். அவர் மோட்டாரைத் தொட்டாரா, சங்கிலியை மாட்டினாரா என்று பார்ப்பதில்லை. பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

அவர்களுக்குப் பரளச்சிக்குத் தெற்கே நாலு ஏக்கர் கரிசல் இருந்தது. மழை பெய்தால் மல்லியும் மிளகாயும் வரும். பெய்யாவிட்டால் வராது. ஆனால் எந்த வருடமும் யார் கிணற்றிலாவது பைப்பு அறுந்து மோட்டார் விழும். நல்லமுத்து முங்கிச் சங்கிலி மாட்டி எடுத்துக் கொடுப்பார். மோட்டார் தவிர வாளி, செல்போன், கொலுசு, வெள்ளாடு எல்லாம் எடுத்திருக்கிறார். ஒருமுறை, சீர் பத்தவில்லை என்று மாமியார் தூக்கிப் போட்ட மிக்ஸியை எடுத்தார். அது ஓடியது.

மாசி மாதம் மல்லாங்கிணறு ஊரில் சௌந்தரபாண்டியன் தோட்டத்துக் கிணறு. அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்கிறவர். கிணற்றில் நாற்பதடித் தண்ணீர், அடியில் இரண்டு மோட்டார். ஒன்று சேற்றின் மேல் கிடந்தது. மற்றது சேற்றுக்குள் புதைந்திருந்தது. நூற்றிருபதில் முத்துத்தாய் இழுத்தாள். கயிறு வரவில்லை. கீழே பழைய பைப்பில் மாட்டியிருந்தது. எண்ணுவதை நிறுத்தத் தெரியாமல் எண்ணிக்கொண்டே இழுத்தாள். நூற்றி ஐம்பத்தொன்றில் தலை தெரிந்தது. மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. நல்லமுத்து சிரித்தார்.

"ஒரு மோட்டாருக்குச் சங்கிலி மாட்டிட்டேன்" என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில், டிவிஎஸ்ஸின் பின்னால் உட்கார்ந்து முத்துத்தாய் ஒரு வார்த்தை சொன்னாள்.

"இனிமே நான் எண்ண மாட்டேன்."

"வேற ஆளு வச்சுக்கிருவேன்."

"வச்சுக்கங்க."

வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டு முனீஸ்வரன் கயிறு பிடிக்க வந்தார். ஒரு கிணற்றில் வாளி எடுக்கிற சின்ன வேலை. நல்லமுத்து கண் சிவந்து, தானே நீந்தி மேலே வந்தபோது முனீஸ்வரன் அறுபத்திரண்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா அறுவத்திரெண்டு?"

"நாப்பதுல ஒரு போனு வந்துச்சு மாப்ள. பேசி முடிச்சுட்டு மறுபடி ஒண்ணுலருந்து ஆரம்பிச்சேன்."

அன்று இரவு சாப்பாட்டின்போது முத்துத்தாய் தன் முடிவைச் சொன்னாள். தூத்துக்குடியில் சங்குக்கு முங்குகிறவர்கள் வைத்திருக்கிற மூச்சு சாமான் வேண்டும். இல்லாவிட்டால் கிணறு வேண்டாம், செங்கல் சூளைக்குப் போகலாம். சௌந்தரபாண்டியன் இரண்டாவது மோட்டாருக்குப் பங்குனி பத்து வரை தவணை கொடுத்திருந்தார். அதற்கு மேல் மதுரையிலிருந்து ஆள் வரும். மதுரை ஆள் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எல்லாக் கிணற்றுக்கும் அவர்கள்தான் வருவார்கள்.

நல்லமுத்துவுக்கு அந்தச் சாமானைத் தெரியும். போன வருடம் இருபது நாள் தூத்துக்குடியில் இம்மானுவேல் என்பவரிடம் தங்கிக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். கற்றுக்கொள்ள முடிந்தது. வாங்க முடியவில்லை. முதுகில் காற்று சிலிண்டர். அதன் தலையில் திருகி மாட்டுகிற பித்தளைக் கட்டை. அதிலிருந்து வருகிற குழாய். குழாயின் நுனியில் வாயில் வைத்துக் கடித்துக்கொள்கிற குப்பி. கட்டை, குழாய், குப்பி மூன்றும் சேர்ந்ததுதான் ரெகுலேட்டர். சிலிண்டரை இம்மானுவேல் வாடகைக்குத் தருவார். ரெகுலேட்டரை வாங்கத்தான் வேண்டும்.

மகள் ஜோதிகா அருப்புக்கோட்டையில் பி.காம் படிக்கிறாள். போனில் தேடினாள்.

"அப்பா, இது புதுசு. முப்பத்தெட்டாயிரம். ரெண்டு வருசம் வாரண்டி. இம்மானுவேல் பெரியப்பா பழசு ஒண்ணு வச்சிருக்காகள்ல, அது பன்னெண்டு."

"அப்ப பழசு."

"பழசுன்னா எப்ப சர்வீஸ் பண்ணாகன்னு கேக்கணுமாம். ஸ்பேர் கெடைக்குதான்னு பாக்கணுமாம். இல்லாட்டி வாங்குன காசுக்கு மேல செலவு இழுத்துருமாம்."

"நம்மகிட்ட இருவத்திரெண்டு இருக்கு" என்றாள் முத்துத்தாய். இரண்டு கிடாய் விற்ற பணம். "அதுக்கு என்ன கெடைக்கும்?"

"நடுவுல ஒண்ணும் இல்லம்மா."

மறுநாள் காலை மருதுபாண்டி வந்தார். முத்துத்தாயின் அண்ணன். மாட்டுத் தரகர். தோளில் பச்சைக்கரைத் துண்டு, கையில் காராச்சேவுப் பொட்டலம். அந்த வீட்டில் இதுவரை எந்தச் சாமானும் அவரில்லாமல் வாங்கியதில்லை. டிவிஎஸ், டிவி, ஆட்டுக்கல், பீரோ எல்லாம் அவர் பேசி முடித்த பழசுதான். அவர் வாங்கிக் கொடுத்த மாடு ஒன்று மட்டும் வந்த மூன்றாம் நாள் படுத்துவிட்டது. அதற்கு அவர் தொழுவம் பார்த்த திசையைக் குறை சொன்னார்.

"புதுசா?" என்றார். காராச்சேவை வாயில் போட்டுக்கொண்டார். "கன்னுக்குட்டியக் கொண்டுபோயி ஏருல பூட்டுவாகளா மாப்ள? நாலு காட்டுல உழுத மாடுதான் அஞ்சாவது காட்டுல உழும்."

"மாமா, இது மாடு இல்ல" என்றாள் ஜோதிகா.

"மூச்சு விடுதுல்ல?"

"விடும்."

"அப்ப மாடுதான்."

முத்துத்தாய் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தினாள்.

"எச்சிண்ணே அது. அடுத்தவுக வாயில வச்சத இவுக வாயில வைக்கணும்ல."

"டீக்கடை கிளாசுல குடிக்கலையா ஒம் புருசன்?"

"அதக் கழுவுவாக."

"இது கடல் தண்ணிக்குள்ளயேதானத்தா கெடந்துச்சு. இருவது வருசமாக் கழுவிக்கிட்டுத்தான இருக்கு."

"வாயில வைக்கிற ரப்பரு தனியாக் கெடைக்கும்மா. நானூறு ரூவா. மாத்திக்கிறலாம்" என்றாள் ஜோதிகா.

முத்துத்தாய் மறுபடி புடைத்தாள். உமி முற்றத்தில் பறந்தது.

"அதப் போட்டுக்கிட்டு யாரும் செத்துருந்தா?"

மருதுபாண்டி துண்டை உதறித் தோளில் மாற்றிப் போட்டார். "அதுக்குத்தான் நான் இருக்கேன். சுழி பாத்து வாங்கித் தாரேன். அந்தத் தூத்துக்குடிக்காரரை வரச் சொல்லு."

*

இம்மானுவேல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்துவிட்டு, மத்தியான வெயிலுக்கு முன் அருப்புக்கோட்டையில் பஸ் இறங்கினார். நல்லமுத்து டிவிஎஸ்ஸில் அழைத்து வந்தார். சிலிண்டர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. வழியில் கண்மாய் முழுக்கக் கருவேலம். தண்ணீர் நின்ற இடத்தில் ஆடு மேய்ந்தது.

"எங்கய்யா முங்குவீக இந்த ஊர்ல?" என்றார் இம்மானுவேல்.

"எல்லாம் கீழ இருக்கு அண்ணாச்சி."

வீட்டு முன்சாய்ப்பில் கோணிச்சாக்கை விரித்து ரெகுலேட்டரை வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் வந்து நின்றார்கள். மருதுபாண்டி அதை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு குழாயைத் தூக்கினார். வாலைத் தூக்குகிற மாதிரியே தூக்கினார். பித்தளைக் கட்டையைத் தட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கட்டையில ஒரு விசயம்…" என்றார் இம்மானுவேல்.

மருதுபாண்டி கையை உயர்த்தினார். "சொல்லாதீக."

"இல்ல, நான் என்ன சொல்லுதேன்னா…"

"குத்தத்த விக்கிறவன் சொல்லக் கூடாது. வாங்குறவன் கண்டுபிடிக்கணும். அதான் சந்த. நீங்க சொல்லிட்டா எனக்கு எதுக்குத் தரகு?"

இம்மானுவேல் நல்லமுத்துவைப் பார்த்தார். நல்லமுத்து மச்சானைப் பார்த்தார். மச்சான் குனிந்து குப்பியை எடுத்து வெயிலில் பிடித்தார். வாயில் வைக்கிற ரப்பரில் பல் கடிப்பதற்கு இரண்டு பக்கமும் சின்ன மேடு உண்டு. அதில் பல் பதிந்திருந்தது. மருதுபாண்டியின் முகம் தெளிந்தது. ஐம்பது வருடமாக அவர் பல் பார்த்துத்தான் மாடு வாங்குகிறார். இப்போதுதான் தனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்திருந்தார்.

கட்டைவிரலால் தடவினார். "எடப்பக்கம் ஆழம். வலப்பக்கம் லேசு. ஒங்களுக்கு வலப்பக்கம் கடவாப்பல்லு இல்ல."

இம்மானுவேல் வாயைத் திறந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வலப்பக்கம் கடைவாய்ப்பல் இல்லை.

கூட்டத்தில் ஒச்சம்மாள், "ஆத்தாடி" என்றாள்.

"வயசு அம்பத்தெட்டு."

"அம்பத்தொம்பதுங்க."

"இப்பத்தான் ஆகியிருக்கும்."

"போன வாரம்" என்று இம்மானுவேல் ஒப்புக்கொண்டார்.

மருதுபாண்டி குப்பியைச் சாக்கில் வைத்தார். "ஆளு பதறாத ஆளு. ஒரே அளவாக் கடிச்சிருக்காரு. பதறுனவன் கடி இப்படி இருக்காது. சாமான் சுத்தம். என்ன மாப்ள, விலை பேசலாமா?"

"பன்னெண்…" என்றார் இம்மானுவேல்.

"வாய மூடுங்கய்யா! பத்துப் பேரு நிக்காக, விலையச் சத்தம் போட்டுச் சொல்றீகளே." துண்டை எடுத்து இருவர் கைகளின் மேலும் போட்டார். "கையக் குடுங்க. வெரலப் பிடிப்பேன். ஒத்துக்கிட்டாத் தலைய ஆட்டணும். இல்லாட்டி சும்மா இருக்கணும்."

துண்டுக்குள் மருதுபாண்டியின் விரல்கள் நகர்ந்தன. இம்மானுவேல் சிரித்தார்.

மருதுபாண்டி அவரை உற்றுப் பார்த்தார். விரலை மாற்றினார். இம்மானுவேல் இன்னும் சத்தமாகச் சிரித்தார். மருதுபாண்டிக்கு நெற்றியில் வேர்த்தது. மூன்றாவது முறை மாற்றினார். நாலாவது முறை மாற்றியபோது இம்மானுவேல் தோளைக் குறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்து, கையை உருவிக்கொண்டார்.

மருதுபாண்டி நல்லமுத்துவைத் தனியாக அழைத்துப் போனார்.

"ஆளு கெட்டி மாப்ள. எட்டுல ஆரம்பிச்சேன், நக்கலாச் சிரிக்காரு. ஏத்தி ஏத்திப் பதினாலுக்கு வந்துட்டேன். அப்பவும் சிரிக்காரு."

"மச்சான், அவரு கேட்டதே பன்னெண்டுதான்."

"கூச்சமா இருக்குங்க" என்று அங்கிருந்து இம்மானுவேல் சொன்னார். "சின்னதுலருந்தே எனக்கு உள்ளங்கையத் தொட்டாக் கூசும்."

*

விலை நிற்க, பூட்டிப் பார்க்காமல் மாடு வாங்கக் கூடாது என்றார் மருதுபாண்டி. வாங்காத சாமானை மாட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கக் கூடாது என்றாள் முத்துத்தாய். பாத்திரக் கடையிலிருந்து பிரியாணி அண்டாவைக் கொண்டுவந்தார்கள். இருநூறு பேருக்கு ஆக்குகிற அண்டா. ஊர்க் குழாயிலிருந்து இருபத்தாறு குடம் பிடித்தது. ஒச்சம்மாள் குடம் ஒன்றுக்கு ஒருமுறை, "இந்தத் தண்ணிய என்ன செய்வீக பெறகு?" என்று கேட்டாள்.

நல்லமுத்து இடுப்பு வேட்டியோடு அண்டாவில் இறங்கி, முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். சிலிண்டர் வெளியே முக்காலியில் நின்றது. இம்மானுவேல் குழாயைச் சரிசெய்தார். நல்லமுத்து குப்பியைக் கடித்துக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தண்ணீர் மேலே குமிழ் வந்தது. கூட்டம் அண்டாவைச் சுற்றிக் குனிந்தது.

முத்துத்தாய் வெளியே வரவில்லை. எண்ண மாட்டேன் என்று சொன்னவள், அடுப்படியில் கருவாட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஜோதிகா தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

"அம்மா, என்ன மொணங்குற?"

"ஒண்ணுமில்ல."

"எண்ணுறியா?"

"குழம்புக்கு உப்பு பாக்குறேன், போடி."

வெளியே ஐந்து நிமிடமாயிற்று. பத்து நிமிடமாயிற்று. குமிழ் ஒரே சீராக வந்தது. மருதுபாண்டி அண்டாவைத் தட்டினார்.

"மாப்ள, போதும். எந்திரிங்க."

உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. போங்கள் என்பதுபோல் ஆடியது. திரும்ப உள்ளே போயிற்று.

"என்னவாம்?"

"வெயிலுக்குச் சுகமா இருக்குல்ல" என்றார் இம்மானுவேல். "கடல்ல மொதத்தடவை முங்குறவனும் இப்படித்தான். மேல வர மாட்டான்."

இருபதாவது நிமிடத்தில் நல்லமுத்து எழுந்தார். உள்ளங்கால் எல்லாம் சுருங்கியிருந்தது. மூக்கில் ரத்தமில்லை, கண்ணில் சிவப்பில்லை. "நான் பாட்டுக்கு யோசிச்சுக்கிட்டு இருந்தேன் மச்சான்" என்றார். "தண்ணிக்குள்ள யோசிக்க நேரம் கெடைக்கும்னு எனக்கு இம்புட்டு நாளாத் தெரியாது."

அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசம் வந்தது.

குழம்பு அடிப்பிடித்திருந்தது. முத்துத்தாய் மேலாக எடுத்து ஊற்றினாள். சாய்ப்பில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, சின்ன வெங்காயம்.

"குழம்பு ருசியா இருக்கு தங்கச்சி" என்றார் இம்மானுவேல்.

"தீஞ்சிருக்கு அண்ணாச்சி."

"ஆமா. கொஞ்சம் தீஞ்சிருக்கு" என்றார் அவர் உடனே.

முத்துத்தாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். ஒங்க மகனை இதப் போட்டு எறக்கி விடுவீகளா?"

"ஏத்தா, அப்படிக் கேக்கக் கூடாது" என்றார் மருதுபாண்டி. "அது சந்த மொறை இல்ல."

"நீ சும்மா இருண்ணே."

இம்மானுவேல் கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்தார்.

"பத்தடிக்கு எறக்குவேன். நாப்பதடிக்கு எறக்க மாட்டேன்."



"காலையிலருந்து இதத்தாங்க சொல்ல வாரேன்" என்றார் இம்மானுவேல். "அண்ணாச்சி விடவே மாட்டேங்காரு." எழுந்து கையைக் கழுவிவிட்டு, பித்தளைக் கட்டையைக் கழற்றி எடுத்து வந்தார். சிலிண்டரில் மாட்டுகிற வாயைக் காட்டினார். உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வடிகட்டி. பாசிப் பச்சையாக இருந்தது.

"இது சாம்பல் கலர்ல இருக்கணும். பச்சையா இருந்தா உள்ள உப்புத்தண்ணி போயிருக்குன்னு அர்த்தம். மூணு வருசம் முந்தி ஒரு பய மூடியப் போடாம கடல்ல முக்கிட்டான். சர்வீஸ் பண்ணணும். பண்ணலாம்னா இந்த மாடலுக்குச் சாமான் வரத்து நின்னு போச்சு. மேல நல்லா மூச்சு வரும். ஆழத்துல, சிலிண்டர் காத்துக் கொறையும்போது, இழுத்து இழுத்துத்தான் வரும்."

ஜோதிகா போனை எடுத்தாள். "நான் சொன்னேன்ல."

மருதுபாண்டி சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தியிருந்தார். காதுமடல் சிவந்திருந்தது. "அம்பது வருசத்துல" என்றார், "குத்தத்தச் சொல்லி விக்க வந்த ஆள நான் பாத்ததே இல்ல."

"பின்ன ஏன் இத இம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்தீக?" என்றாள் முத்துத்தாய்.

"குப்பி தங்கமானது தங்கச்சி. போன கார்த்திகையிலதான் உள்ள எல்லாம் மாத்துனேன். பில்லு வச்சிருக்கேன். கட்ட மட்டுந்தான் கேடு. கட்டைய மட்டும் புதுசு வாங்கி, இந்தக் குழாயையும் குப்பியையும் அதுல திருகிக்கிடலாம். திருகு எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"கட்ட மட்டும் எம்புட்டு?"

ஜோதிகா தேடினாள். "பத்தொம்பதும்மா. வாரண்டியோட."

மருதுபாண்டிக்குத் தாங்கவில்லை. "தல ஒரு மாடு, வாலு ஒரு மாடா? எந்த ஊருலயாவது உண்டா? நாளைக்குச் சந்தையில கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? பாதி மாடு பிடிச்சுக் குடுத்தேன்னா?"

"மாமா, தலதான் புதுசு. வாலுதான் பழசு."

"வாய்ப்பக்கந்தானடி பழசு? அப்ப அதுதான தல?"

எது தலை என்பது பற்றிக் கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. முனீஸ்வரன் சிலிண்டர்தான் தலை என்றார். அதற்குள் முத்துத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அண்ணன் தோளிலிருந்த துண்டை உருவினாள்.

"ஏத்தா, என்ன செய்ற?"

"விலை பேசப் போறேன்."

"பொம்பள துண்டுக்குள்ள கைய விடுறதா! ஊரு சிரிக்கும்."

"நூத்தி அம்பத்தொண்ணு எண்ணுனப்ப ஊரு வந்துச்சா?"

அவள் இம்மானுவேலின் எதிரே உட்கார்ந்தாள். துண்டைப் போட்டாள். இம்மானுவேல் முன்கூட்டியே பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் அவர் உள்ளங்கையைத் தொடவில்லை. விரலை மட்டும் பிடித்தாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். அவள் இன்னொரு விரலைச் சேர்த்தாள். அவர் மறுபடி இல்லை என்று தலையாட்டினார். அவள் குழம்பினாள். அப்புறம் புரிந்தது. விலையைக் குறைத்துக்கொண்டு போகிறது விற்க வந்தவர்.

சேர்த்த விரலையும் இன்னொன்றையும் விட்டதும் அவர் சரி என்றார். துண்டை எடுத்து மடித்து அண்ணனிடம் கொடுத்தாள்.

"எம்புட்டுக்கு முடிஞ்சுச்சு?" என்றார் மருதுபாண்டி.

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லலாமாண்ணே?"

அந்த விலை இன்றுவரை அவருக்குத் தெரியாது.

*

பித்தளைக் கட்டை பார்சலில் வருவதற்குப் பதினோரு நாள் ஆயிற்று. பளபளவென்று இருந்தது. மருதுபாண்டி அதைத் தொட மறுத்துவிட்டார். ஆனால் ஏதாவது உதவ வேண்டும் என்று இருந்தது போலும். அண்டாவில் காற்றுக் குறைந்துபோன சிலிண்டரை யாருக்கும் சொல்லாமல் டிவிஎஸ்ஸில் வைத்துத் திருச்சுழி ரோட்டில் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனார்.

"எத்தன பவுண்டு?" என்று கேட்டார் பஞ்சர் கடைக்காரர்.

மருதுபாண்டி சிலிண்டரில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னார். "மூவாயிரம்."

"லாரிக்கே நான் நூறுதான்யா பிடிக்கிறேன். எந்திரிச்சுப் போறியா, கடைய மூடவா?"

காற்றுப் பிடிக்கத் தூத்துக்குடிக்குத்தான் போகவேண்டும் என்று தெரிந்ததும் மருதுபாண்டி மூன்று நாள் அதையே பேசினார். "பங்குனிக் காத்துல ஓட்டு வீட்டுக் கூரை பறக்குது. இந்த ஊருல காத்துப் பத்தாம பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துப் போயிக் காத்து வாங்கிட்டு வாராக."

பங்குனி ஒன்பது. சௌந்தரபாண்டியன் தோட்டத்துக் கிணறு. அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இம்மானுவேல் நிறைத்த சிலிண்டரோடு முதல் பஸ்ஸுக்கே வந்திருந்தார். படியில் நின்று நல்லமுத்துவுக்குக் கடைசியாக ஒருமுறை சொன்னார்.

"மேல வரும்போது மூச்சப் பிடிக்கக் கூடாது. அம்பது தடவை சொல்லிட்டேன். ஆன்னு ஊதிக்கிட்டே, மெதுவா வரணும். சும்மா முங்குறவன் மூச்சப் பிடிச்சாப் பொழைப்பான். இதப் போட்டவன் மூச்சப் பிடிச்சா நெஞ்சு வெடிக்கும்."

"சரிங்க அண்ணாச்சி."

"கயிறு யாரு பிடிக்கிறது?" என்றார் சௌந்தரபாண்டியன்.

எல்லோரும் முனீஸ்வரனைப் பார்த்தார்கள். முனீஸ்வரன் போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். முத்துத்தாய் படியிறங்கி, எப்போதும் உட்கார்கிற படியில் உட்கார்ந்து, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

"எண்ண மாட்டேன்னு சொன்ன" என்றார் நல்லமுத்து. குப்பியை வாயில் வைப்பதற்கு முன்.

"கயிறு பிடிக்க மாட்டேன்னு சொல்லல."

அவர் முங்கினார். தண்ணீர் மூடிக்கொண்டது. குமிழ் கொத்துக்கொத்தாக வந்தது. இத்தனை வருடம் அந்தத் தண்ணீர் அவர் போனபின் அசையாமல் கிடக்கும். இப்போது ஏதோ உலை கொதிக்கிற மாதிரி இருந்தது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். சூரியன் கிணற்றின் பாதிச்சுவரில் இருந்தது. புறா ஒன்று பொந்திலிருந்து பறந்தது. உதடு தானாக அசைந்தது. அறுபது. எழுபது. குமிழ் வந்துகொண்டுதான் இருந்தது. நூறில் குரல் வெளியே வந்துவிட்டது. நூற்றிப்பத்தில் எழுந்து நின்றாள். நூற்றிருபதில் கை இழுத்தது.

"இழுக்காத தாயி!" இம்மானுவேல் இரண்டு படி தாவிக் கயிற்றைப் பிடித்தார். "மெதுவா! மெதுவா விடு! அவரா வரட்டும்!"

இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குமிழ் பெரிதாயிற்று. ஒரு பாட்டம் குமிழ் வந்து, அதன் நடுவே தலை வந்தது. "ஆ" என்று ஊதிக்கொண்டே வந்தது. கிணறு முழுக்க அந்த "ஆ" எதிரொலித்தது. மேலே சௌந்தரபாண்டியன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

நல்லமுத்து குப்பியைத் துப்பினார். மூக்கில் ரத்தமில்லை.

"ஏண்டி இழுத்த? இப்பத்தான் சேத்தத் தோண்டிக் கொக்கியத் தொட்டேன்."

"நூத்தியிருவது ஆயிருச்சு."

"காத்து ஒரு மணி நேரத்துக்கு இருக்குடி உள்ள!"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நூத்தியிருவது ஆயிருச்சு."

மேலே கிணற்று விளிம்பில் மருதுபாண்டி குனிந்து நின்றிருந்தார். "பழகுன மாடு மாப்ள" என்றார். "அது நிக்கிற எடத்துலதான் நிக்கும்."

நல்லமுத்து படியைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். சிரிக்க ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் இன்னும் உட்காரவில்லை.

"சரி, இப்படிச் செய்வோம்" என்றார். "நீ எண்ணு. நூத்தியிருவது ஆனதும் இழுக்காத, லேசா ஒரு சுண்டு சுண்டு. நான் நல்லா இருந்தாத் திரும்ப ஒரு சுண்டு சுண்டுறேன்."

"சுண்டலைன்னா?"

"சுண்டலைன்னா இழு. இவுக சொன்ன மாதிரி மெதுவா."

அவள் இம்மானுவேலைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். கடலிலும் அப்படித்தான் என்றார்.

"ஒங்களுக்குச் சுண்ட மறந்து போச்சுன்னா?"

"மறக்க மாட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். அவர் முங்கினார். இப்போது அவள் வாயை மூடவில்லை. முதலிலிருந்தே சத்தமாக எண்ணினாள். நூற்றிப்பத்தில் எழவில்லை. நூற்றிருபதில் கயிற்றை ஒரு விரலால் சுண்டினாள்.

ஒன்றும் வரவில்லை. குமிழ் வந்தது. அது போதாது அவளுக்கு. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தாள். இம்மானுவேலும் குனிந்தார்.

கயிறு ஒரு தடவை சுண்டியது.

முத்துத்தாய் மூச்சை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.